உன்ர அப்பாட கார் ஓடுது

கல்லடி,
ஞாயிறு.

அன்புள்ள மச்சான்,

ஏழு மாசமா ஒரு வரியும் போடயில்லை எண்டு கோவமா இருப்பாய். இதை வாசி, போயிடும். உன்ர அப்பாட மொறிஸ் மைனர் நேற்று களுவாஞ்சிக்குடி போய்க் கொதிக்காமத் திரும்பி வந்திச்சு!

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாட முழங்கால் உளைவும் கொஞ்சம் குறைவு.

காரை எடுத்த நாளில இருந்து ஒரே வருத்தம். வேகம் மணிக்கு 30 மைலைத் தாண்டினா இழுவை இல்லை, குருக்கள்மடத்தில தண்ணி கொதிக்கும். ஒரு கராச்சில ரேடியேற்றரை மாத்த வைச்சுக் காசு வாங்கினாங்கள், ஒண்டும் மாறயில்லை. நீ நிண்டா கார்பரேற்றர்தான் எண்டு சத்தியம் பண்ணியிருப்பாய். ரைமிங்கை, பெற்றோலைப் பத்த வைக்கிற பொறி விழுற நேரத்தை, மூண்டு தரம் நானே வைச்சன். கரண்டை வெட்டிப் பொறி விழப் பண்ணுற பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம். மறுகா 12 வோல்ற் பல்பு குடுத்து, பொயின்ற் விரிஞ்சு பல்பு பத்துற இடத்தில, பொறியைப் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்ரிபியூட்டரைப் பூட்டினன். நிண்ட இடத்தில ஒரு பிழையும் சொல்லேலாது. ஓடினாத்தான் வருத்தம்.

வியாழன் இரவு கரண்ட் இல்லை. ரோச் லைற்றோட டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழட்டினன். மூடி கழட்டின உடனே அப்பா என்ன செய்வார், ஞாபகமா? உள்ளுக்க சுத்துற றோட்டரை இரண்டு விரலால பிடிச்சு ஒரு திருகு திருகி விடுவார். நாங்க அதைக் கைப்பழக்கம் எண்டு நினைச்சம். அண்டைக்கு நானும் திருகினன். அசையவேயில்லை மச்சான். அது கொஞ்சம் கிறுகி, விட்ட உடனே ஸ்பிரிங் இழுத்துத் திரும்பி வரோணும்.

பொயின்ற் பூட்டின தட்டுக்குக் கீழ இரண்டு பாரம் இருக்கு. எஞ்சின் வேகம் கூடக் கூட அதுகள் வெளிய விரிஞ்சு பொறியை முந்தி விழப் பண்ணும். பெற்றோல் எரியிறதுக்கு நேரம் வேணுமே! பன்னிரண்டு வருஷம் கடற்கரைக் கொட்டிலில உப்புக்காத்துக் குடிச்ச கார், பாரம் இரண்டும் துருவில இறுகிப் போச்சு. பொறி பிந்தினா, வெளிய போற புகையிலயும் நெருப்பு எரிஞ்சு கொண்டிருக்கும். அந்தச் சூடுதான் தண்ணிக்கு ஏறினது. மண்ணெண்ணெயில ஊறவைச்சு இளக்கி, றோட்டருக்குக் கீழ இரண்டு சொட்டு எண்ணெய் விட்டன். அவ்வளவுதான் வேலை.

அப்பா எங்கட கண்ணுக்கு முன்னால ஆயிரம் தரம் செய்து காட்டினவர். ஏன் எண்டு ஒரு நாளும் நாங்க கேக்கயில்லை. அதை நினைச்சு இருட்டில கனநேரம் இருந்தன்.

ஒரு ஸ்பிரிங் துரு தின்று மெலிஞ்சு கிடக்கு. அறுந்தா பொறி தேவைக்கு மிஞ்சி முந்தும், எஞ்சின் தட்டும். அங்க தேடிப் பார். இரண்டும் ஒரே பலமில்லை, கண்டதையும் வாங்கிப் போடாத. டிஸ்ரிபியூட்டர் உடம்பில அடிச்சிருக்கிற இலக்கத்தைப் படமெடுத்து அனுப்புறன், அதுக்குப் பொருந்துறதை வாங்கு.

ஆடி அமாவாசைக்கு வாறாய்தானே? மாமாங்கக் கோயிலுக்கு இந்தக் காரிலதான். போன முறை மாதிரி நடுறோட்டில கார்பரேற்றரைக் கழட்டப்படாது, இப்பவே சொல்லிப்போட்டன்.

அன்போட,
மச்சான்