யூ இலைக் கஷாயம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யூ மர இலையில் புற்றுநோய் மருந்து இருப்பதாக ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பு பாதி உண்மை. "கொதிக்க வைத்துக் குடிக்கலாம்" என்ற அதன் கடைசி வரி உயிருக்கே உலை வைக்கும்.

ஐரோப்பாவில் பூங்காக்களிலும் தேவாலய வளாகங்களிலும் வேலியாகக் கத்தரித்து வளர்க்கும் அழகுமரம் யூ. குறிப்பு சொல்லும் புற்றுநோய் மருந்தான பேக்ளிடாக்செல் முதலில் கிடைத்ததோ அமெரிக்க மேற்குக் கரையின் வேறொரு யூ இனத்துப் பட்டையில். அமெரிக்க வேதியியலாளர் மன்றோ வால் (Wall) என்பவரும் நம் நாட்டில் பிறந்த மன்சுக் வாணியும் அதன் மூலக்கூறு வடிவத்தை 1971-இல் வெளியிட்டார்கள். ஒரு கிலோ மருந்துக்கு 7 முதல் 10 டன் பட்டை வேண்டும். உரித்த மரம் பிழைக்காது. பிரான்சில் வேதியியலாளர் பியர் பொத்தியே குழுவினர் தோட்டத்து யூ இலைக்குத் திரும்பியது அதனால்தான். இலையை வெட்டினால் மறுபடி துளிர்க்குமே! இங்கிலாந்தில் வேலி கத்தரித்த துளிரைக் காசு கொடுத்து வாங்கியதும் இதற்காகவே.

ஆனால் அந்த இலையில் பெரிதும் கிடைப்பது மருந்தல்ல, 10-டிஅசிட்டைல் பேக்கட்டின் என்ற அரைகுறைப் பொருள். ஒரு கிலோ பச்சை இலையில் ஒரு கிராம் அளவுக்கு இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அதன் மூலக்கூறின் 7-ஆம் இடத்தை மூடி, 10-ஆம் இடத்தில் அசிட்டைல் சேர்த்து, 13-ஆம் இடத்தில் பக்கச் சங்கிலியை இணைத்து, மூடியதைத் திறந்தால்தான் பேக்ளிடாக்செல். டோசிடாக்செல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தும் இதே மூலப்பொருளிலிருந்து வருவதே.

அப்படிச் செய்த மருந்தும் தண்ணீரில் கரையாது. பதப்படுத்திய ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் சேர்த்துக் கரைத்து ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். அந்த எண்ணெய் ஒவ்வாமை தரும் என்பதால் முன்கூட்டியே டெக்சாமெதசோன் கொடுப்பது வழக்கம். வாய்வழி கொடுத்தால் குடல் செல்களே பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். கஷாயத்தில் என்ன வந்து சேரும் என்று நினைக்கிறீர்கள்?

டாக்சின் (taxine) வந்து சேரும். யூ இலையின் நஞ்சு அது. இதயச் செல்களின் கால்சிய, சோடிய வாயில்களை அடைத்துத் துடிப்பைக் குலைக்கும், முறிமருந்து கிடையாது. வளர்ந்தவருக்கு 50 முதல் 100 கிராம் இலையே உயிரைப் பறிக்கலாம். காய்ந்தாலும் வீரியம் குறையாது. பழத்தின் சிவந்த சதையில் மட்டும் நஞ்சில்லை, உள்ளே இருக்கும் விதையில் உண்டு.

நமக்கு இதில் என்ன என்று விட்டுவிட முடியாது. இமயமலை யூ இலையும் தாளிசபத்திரி என்ற மூலிகையின் பெயரில் சந்தைக்கு வருகிறது. அந்தப் பெயருக்கு ஆயுர்வேத மருந்தியல் நூல் ஏற்றிருப்பது ஏபிஸ் வெப்பியானா என்ற வேறு ஊசியிலை மரத்தை. இருமல் சூரணத்துக்கு வாங்குவோர் ஓர் இலையை எடுத்துத் திருப்பிப் பார்க்கட்டும். ஏபிஸ் இலை நுனி இரண்டாகப் பிளந்திருக்கும், அடிப்பக்கம் நடுநரம்பின் இருபுறமும் வெள்ளைக் கோடு ஓடும், கசக்கினால் பிசின் வாசனை வரும். யூ இலை நுனி கூராக, அடிப்பக்கம் வெளிறிய மஞ்சள்பச்சையாக இருக்கும். வெள்ளைக் கோடும் பிசின் வாசனையும் இருக்காது.

தூளாக வாங்கினால் இவற்றில் எதையும் பார்க்க முடியாது. கடையில் இலையாகவே கேளுங்கள்.

மூலிகை மருந்தியல் ஆசிரியர்கள்,
மதுரை