பாதர்ஸ்ட் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அண்மையில் ஆஸ்திரேலியாவின் நீலமலையை (புளூ மவுண்டன்ஸ்) தாண்டி உங்களோடு பாதர்ஸ்ட் வந்தவர்களில் நானும் ஒருத்தி. சாப்பாடு, பேருந்து எதிலும் குறையில்லை. நீங்கள் கையில் கொடுத்த வரலாற்றுத் தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதில் 1815இல் ஆளுநர் மக்குவாரி நகருக்குப் பெயர் சூட்டுகிறார். அடுத்த வரியிலேயே 1851, தங்கம் கிடைக்கிறது. இடையில் 36 ஆண்டுகளைக் காணோம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான விராட்ஜுரி மக்களையும் காணோம். வில்லியம் காக்ஸ் கைதிகளை வைத்து ஆறே மாதத்தில் மலை தாண்டிச் சாலை போட்டதற்கு ஒரு பத்தி முழுக்க இடம் இருக்கிறது. அந்தச் சாலை மனிதர் வாழ்ந்த மண்ணில்தான் போய் முடிந்தது என்று எழுத ஒரு வரி கிடைக்கவில்லையா?

1818இல் பத்துப் பேருக்கு ஆளுக்கு 50 ஏக்கர் என்று தொடங்கிய குடியேற்றம், ஆளுநர் பிரிஸ்பேன் காலத்தில் மளமளவென்று பெருகியது. ஆற்றங்கரைப் புல்லெல்லாம் ஆடுமாடுகளுக்குப் போனது. வேட்டை குறைந்து பசி வந்தது. 1824இல் குடியேறி ஒருவர் விராட்ஜுரி மக்களுக்கு உருளைக்கிழங்கு கொடுத்தாராம். மறுநாள் அவர்கள் திரும்பி வந்து தாங்களே தோண்டி எடுக்க, குடியேறிகள் அவர்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள். கிழங்குக்காக உயிர் போயிற்று. அதன்பின் விராட்ஜுரி வீரர் விண்ட்ரடைன் தலைமையில் பதிலடி தொடங்கியது. ஆகஸ்ட் 14 அன்று ராணுவச் சட்டம் வந்தது. டிசம்பர் வரை நீடித்தது. விண்ட்ரடைனைப் பிடித்துத் தருபவருக்கு 500 ஏக்கர் என்று அறிவித்தார்கள். யாரும் பிடிக்கவில்லை. அவரே தம் மக்களோடு மலை தாண்டி, சிட்னிக்கு அருகிலுள்ள பரமட்டாவுக்கு நடந்துபோய் ஆளுநர் முன் நின்றார். தொப்பியில் 'சமாதானம்' என்று எழுதியிருந்தது.

இவ்வளவும் உங்கள் தாளில் இல்லை. பேருந்தில் ஒரு சிறுவன், "அதுக்கு முன்னாடி இங்க யார் இருந்தாங்க?" என்று கேட்டான். "புல்வெளிதான்" என்று வழிகாட்டி சொன்னார். எனக்கு நெஞ்சு கொதித்தது. இந்த நாட்டில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் முதல் தேவாலயம், முதல் தபால் நிலையம், முதல் பண்ணை என்றே காட்டுகிறார்கள். ஆயிரமாயிரம் ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவர்களின் பெயரைச் சொல்ல ஏன் இத்தனை தயக்கம்?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை அச்சிடும்போது 1824ஐச் சேருங்கள். விராட்ஜுரி மூத்தோரைக் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொள்ளும் விதத்தில் எழுதுங்கள். வழிகாட்டிகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள். எப்போது செய்வீர்கள் என்று ஒரு வரி பதில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருத்தி