சென்னைச் சாரணர்களின் முதல் தொண்டர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் பிறந்தநாளையொட்டித் தங்கள் இதழில் வெளிவந்த சாரணர் இயக்கக் கட்டுரை, 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்த முகாமில் தொடங்கி, 1950-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானதற்கு ஒரே தாவாகத் தாவிவிட்டது. சென்னையின் பங்கு முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

1909-இல் இந்தியாவுக்கு வந்த இவ்வியக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே முதலில் இடம் தரப்பட்டது. நம் பிள்ளைகளை வெளியே நிறுத்திய அந்த வேலியைக் கண்ட அன்னி பெசன்ட், ஏறக்குறைய எழுபது வயதில், தம் பிரம்மஞான சபைத் தோழர் ஜார்ஜ் அருண்டேல் முதலியோரின் துணையுடன் 1916-இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனியொரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகையும், ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் நம் நாட்டுப் பாடல்களும் அதில் இடம்பெற்றன. வடக்கே மதன் மோகன் மாளவியா, இருதயநாத குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி என்ற தொண்டு அமைப்பின் வழியாக இதே பணியைச் செய்தனர்.

1917 ஜூனில் தன்னாட்சி (ஹோம் ரூல்) கிளர்ச்சிக்காகப் பெசன்ட், அருண்டேல், அவர்களுடன் உழைத்த வாடியா ஆகிய மூவரையும் அரசு உதகையில் காவலில் வைத்தது. பிறந்து அதிக காலம் ஆகாத ஒரு சங்கத்தின் தலைமை அப்படிச் சிறைப்பட்டிருந்த மாதங்களில், மாலைதோறும் பையன்களைத் திடலில் கூட்டி முடிச்சும் முதலுதவியும் கற்பித்தவர்கள் யார்? சம்பளமின்றி உழைத்த அந்தச் சாரண ஆசிரியர்களின் பெயர்களைப் பொது வரலாறுகளில் நான் கண்டதில்லை. பல ஆண்டுகள் சாரண ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் இது எனக்குச் சற்று உறுத்தவே செய்கிறது.

1921-இல் பேடன் பவல் சென்னைக்கு வந்தபோது பெசன்டின் சங்கம் பேடன் பவலின் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. இதைப் பணிந்துபோனதாகக் கருதுவோரும் உண்டு. இந்தியச் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளாத ஓர் அமைப்பு அவர்களைத் தன் உறுப்பினராக ஏற்க நேர்ந்ததை நான் அப்படிப் பார்க்கவில்லை.

பழைய பள்ளிகளின் ஆண்டு மலர்களிலும், குடும்பங்களின் பரணிலுள்ள முகாம் நாட்குறிப்புகளிலும் அந்தச் சாரண ஆசிரியர்களின் பெயர்கள் இன்னும் கிடைக்கக்கூடும். தங்கள் இதழ் வாசகர்களிடமிருந்து அவற்றைக் கேட்டுப்பெற்று, பேடன் பவலின் அடுத்த பிறந்தநாளான பிப்ரவரி 22-க்குள் ஒரு தொகுப்பாக வெளியிட வேண்டுகிறேன். அதற்கான தட்டச்சு வேலையை நானே செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர் ஒருவர்