ரசீது கேட்டாயே, செல்வி

அன்புள்ள செல்வி,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றிக் கோயில் வரைக்கும் போய் வந்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. உன்னை எனக்குத் தெரியாதா!

பர்மாவில் (மியான்மர்) போரால் வீடிழந்து ஓடும் கரேன் இன மக்களுக்கு உங்கள் மகளிர் குழு ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, கூட்டுறவு ஆடிட்டில் இருந்த புத்தி சும்மா விடுமா: "அரசாங்கம் மூலமாகக் கொடுக்காமல் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோவது என்னடி முறை? ரசீது உண்டா?" நியாயமான கேள்வி. அவர்களுக்கு உதவும் குழுவில் இங்கே கணக்கு எழுதுகிறவள் என்பதால் நானே பதில் சொல்கிறேன்.

நான் இருக்கும் மே சோட், தாய்லாந்தின் எல்லை ஊர். மோயி ஆற்றுக்கு அந்தக் கரையில் பர்மாவின் மியாவாடி. 2022-இல் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் சிக்கிய நம் ஊர்ப் பிள்ளைகளை மீட்டு வந்தார்களே, அதே மியாவாடிதான். செய்திக் கேமராக்கள் எல்லாம் அந்த மோசடிக் கும்பல்களின் கட்டடங்களோடு நின்றுவிடுகின்றன. வடக்கே சால்வீன் ஆற்றோர மலைகளில், முத்ரோ மாவட்டப் பக்கம், மரத்தடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கிடக்கும் கரேன் குடும்பங்கள் வரை யாரும் போவதில்லை.

பர்மா விடுதலை பெற்ற மறுவருஷமே, 1949 ஜனவரியில், கரேன் மக்களின் ஆயுத அமைப்பான கரேன் தேசிய ஒன்றியம் அரசை எதிர்த்து நடத்தும் போர் தொடங்கிவிட்டது. அறுபதுகளிலிருந்து ராணுவம் கைக்கொண்ட வழிக்கு 'நான்கு வெட்டு' என்று பெயர்: போராளிகளுக்குச் சோறு, பணம், தகவல், ஆள் எதுவும் கிராமத்திலிருந்து போகக்கூடாது. நடைமுறையில் நெற்குதிரைக் கொளுத்துவதும் ஊரைக் காலி செய்வதும்தான். அதனால்தான் இந்த ஜனங்கள் நெல்லில் ஒரு பங்கைக் காட்டுக்குள் ஒளித்து வைக்கப் பழகினார்கள்.

ஆற்றைத் தாண்டி தாய்லாந்துக்குள் வந்துவிட்டால் அகதி. 1984-இலிருந்து முகாம்கள் இருக்கின்றன. இன்று ஒன்பது முகாம்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல். தாண்டாமல் தன் மலையிலேயே ஓடிக்கொண்டிருப்பவர்களைச் சர்வதேச அகதிச் சட்டம் அகதி என்று எண்ணுவதில்லை. அவர்களைத் தன் நாட்டு அரசே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அந்த அரசுதானே விமானம் அனுப்புகிறது! ராணுவம் ஆட்சியைப் பிடித்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2021 மார்ச் 27 அன்று, தலைநகரில் ராணுவ தின அணிவகுப்பு நடந்த அதே நாளில் முத்ரோவிலுள்ள டே பு நோ கிராமத்தின் மீது குண்டு போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சால்வீனுக்கு ஓடினார்கள். யாங்கோனில் உட்கார்ந்திருக்கும் பெரிய அமைப்புகள் இவர்களிடம் போக அதே ராணுவத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அரசாங்கம் மூலமாகக் கொடுப்பதன் லட்சணம் இதுதான், செல்வி.

ஆகவே வேலையைச் செய்வது இந்த ஜனங்களேதான். இடம்பெயர்ந்த கரேன் மக்களுக்கான குழு 1998-இல் உருவானது. முதுகுப் பையில் மருந்தைச் சுமந்து ஊர் ஊராக நடக்கும் சுகாதாரப் பணியாளர் குழுவும் அதே வருஷம்தான். நாங்கள் பெரும்பாலும் அரிசியைச் சுமப்பதில்லை, பணத்தைத்தான் அனுப்புகிறோம். ஓடி வந்தவர்களுக்குப் பக்கத்தில், தாக்குதல் படாமல் நெல் மிஞ்சியிருக்கும் ஊரில் அரிசி வாங்கிவிடுவார்கள். சுமைகூலி மிச்சம், விற்கிற ஊருக்கும் காசு.

ரசீது உண்டு. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஈரவாடையும் புகைவாடையுமாக வந்து சேரும். பள்ளிக்கூட நோட்டில் ஸ்கேலால் கோடு போட்டு, குடும்பத் தலைவர் பெயர், பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை, வாங்கிய அரிசி, கடைசியில் கைநாட்டு. சில வரிகளில் குழந்தை எண்ணிக்கையை அடித்து ஒன்று கூட்டியிருப்பார்கள். ஓடுகிற வழியில் பிறந்தது. நம் ஆடிட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் என்ன பாடு படுத்துவோம்! இங்கே அடித்தல் இல்லாத நோட்டு வந்தால்தான் எனக்குச் சந்தேகம்.

இடம் குறித்த புகைப்படம் வேண்டும் என்று வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவர் பிடிவாதம் பிடித்தார். எத்தனை பேர் எந்த ஓடையோரம் கூடினார்கள் என்று தெரிவிக்கும் படம் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று எழுதினோம். அவர் தரப்பிலிருந்து இன்னும் பதிலில்லை.

அரிசியில் ஒரு பிடிகூடப் போராளி வாய்க்குப் போகாதா என்றும் கேட்பாய். போகலாம். அந்தப் பையன் அந்த வீட்டுப் பிள்ளை, அம்மா சோறு போடாமல் இருப்பாளா? அதற்காக அம்மாவையும் தங்கச்சியையும் பட்டினி போடு என்று என்னால் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் வருவது நன்கொடை நாடுகளின் மறதி மேல்தான். 2015-இல் அரசும் கரேன் தேசிய ஒன்றியமும் போர்நிறுத்தக் கையெழுத்துப் போட்டன. சமாதானம் வந்துவிட்டது, ஊருக்குப் போகலாம் என்ற பேச்சோடு 2017-இல் பர்மாப் பக்கம் சால்வீன் கரையிலிருந்த ஈ து ஹ்தா முகாமுக்கு உணவு உதவி நின்றது. நான்கே வருஷத்தில் மறுபடி விமானம். 2025 ஜனவரியில் அமெரிக்கா நிதியை நிறுத்தியதும் தாய்லாந்து முகாம்களின் மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஜூலையோடு பெரும்பாலோருக்கு உணவுப் பணமும் போயிற்று. முகாமில் இருப்பவர்களுக்காவது வெளியே வேலை செய்ய தாய்லாந்து அந்த ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

உன் குழுவிடம் ஒன்று சொல். பழைய புடவை மூட்டை வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விதிகளை உன் மகனிடம் விசாரித்துவிட்டு, முடியுமானால் சித்திரைக்குள் அனுப்புங்கள். மழை பிடித்துவிட்டால் மலைப்பாதையில் மோட்டார் பைக்கும் ஏறாது. அதைவிட முக்கியம் விதைநெல். ஜூன் வாக்கில் விதைக்கிற நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு ஐப்பசி கார்த்திகையில் அறுவடை இல்லை; அடுத்த வருஷம் முழுக்கச் சோறு இல்லை. குண்டு விழுந்த வாரம் வரும் காசு பசியாற்றும், விதைப்புக்கு முன்னால் வரும் காசு அடுத்த வருஷத்துப் பட்டியலிலிருந்து ஒரு பெயரைக் குறைக்கும்.

தை கடைசியில் ஊருக்கு வருகிறேன். கணக்கு நோட்டின் நகல் ஒன்று கொண்டு வருகிறேன், பெயர்களை மறைத்துத்தான். நீயே உட்கார்ந்து தணிக்கை பண்ணு. மருமகளுக்கு என் அன்பைச் சொல்.

உன்,
கல்யாணி