கதவைப் புடிச்சுக்கிட்டு நின்ன அண்ணன்மாருக்கு

நேத்து ராத்திரி மெஷின் ஹெட் ஆல்பத்தை மறுபடி முழுசா கேட்டேன், மொத்தமே ஏழு பாட்டுதான். அதைப் போட்ட டீப் பர்பிள்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டுல வாசிச்ச அஞ்சு பேருக்கும் ஊரே நன்றி சொல்லியாச்சு, அதனால என்னோடது மத்தவங்களுக்கு.

முதல்ல மான்ட்ரோ ஜாஸ் விழாவை நடத்தின மறைந்த க்ளாட் நாப்ஸ் சாருக்கு. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்துல மான்ட்ரோ கேசினோவுல ஃப்ராங்க் ஸாப்பா கச்சேரி, அது முடிஞ்சதும் அங்கயே ரெக்கார்டிங்னு டீப் பர்பிள்காரங்க வந்து இறங்கியிருக்காங்க, கூட்டத்துல எவனோ ஒரு புண்ணியவான் ஃப்ளேர் கன்னை, அதான் சிக்னலுக்கு நெருப்பு விடுற துப்பாக்கியை, கூரையைப் பாத்து சுட்டுட்டான், கட்டடமே போச்சு. நீங்க உள்ள ஓடி பசங்களை வெளிய இழுத்தீங்க, ஒரு உயிர் போகல. அந்தக் களேபரத்துலயும் இவங்களுக்கு வேற இடம் தேடிக் குடுத்தீங்க பாருங்க, அதுக்குத்தான் பெரிய கும்பிடு.

அந்த இடம் பெவிலியன் தியேட்டர். ராத்திரில அந்த சத்தத்துக்கு ஊர் தூங்குமா, போலீஸ் வந்துருச்சு. பேண்டோட சாமான் தூக்கி செட் பண்ற ரோடி அண்ணன்மாரே, உங்க பேர் கூட எனக்குத் தெரியாது, வெளிய போலீஸ் தட்டத் தட்ட டேக், அதாவது ஒரே மூச்சுல வாசிச்சுப் பதியறது, முடியற வரைக்கும் கதவைத் திறக்க விடாம அழுத்திப் புடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அந்த டேக்தான் ஸ்மோக் ஆன் தி வாட்டர். பாட்டு வரியெல்லாம் அப்புறம் வந்துச்சு, அந்தத் தீ விபத்தையே எழுதி க்ளாட் சாரையும் உள்ள வச்சுட்டாங்க. கிட்டாரைத் தொட்ட எவனும் முதல்ல தடவிப் பாக்குற ரிஃப் அது, திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு, நானும் ரெண்டு வருஷம் பிக் வச்சு தப்பா வாசிச்சேன், அவங்க கிட்டாரிஸ்ட் ரிச்சி ப்ளாக்மோர் ரெண்டு கம்பியையும் சேத்து விரலால கிள்ளுறாருன்னு லேட்டாதான் புரிஞ்சுது.

போலீஸைக் கூப்ட்ட அக்கம்பக்கத்துக்காரங்களுக்கும் நன்றி, சும்மா சொல்லல. நீங்க துரத்தலைன்னா அடுத்து போய் ரெக்கார்ட் பண்ண கிராண்ட் ஹோட்டலே கிடையாது. குளிருக்கு மூடிக் கிடந்த ஹோட்டல், காரிடார்ல மெத்தைங்களை நிறுத்தி சத்தத்துக்குத் தடுப்பு, வெளிய ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டோட ரெக்கார்டிங் வண்டி. வாசிச்சதைக் கேக்கணும்னா ரூம் ரூமா புகுந்து பால்கனி தாண்டி குளிர்ல வண்டி வரைக்கும் போகணும், வெறுத்துப்போயி கேக்குறதையே விட்டுட்டாங்க. அதான் அந்த ஆல்பத்துல அவ்ளோ முறுக்குன்றது என் கட்சி.

வண்டியில உக்காந்த இன்ஜினியர் மார்ட்டின் பர்ச்சுக்கு, பேண்டோட கீபோர்டுகாரர் ஜான் லார்ட் ஹாமண்ட் ஆர்கனை கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ல விட்டு உறும வைக்கிறாரு, அது கிட்டாரோட முட்டாம வச்சதுக்கு.

கடைசியா கேசட் குடுத்த மாமாவுக்கு. அதுல லேஸி பாட்டு நடுவுல ஆர்கன் குழையுது இல்ல, அது டேப் கோளாறு இல்ல மாமா, நான்தான் கசக்கிட்டேன்.