மாப்ளைக்கு ஒரு பதில்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலிக்குப் பிசியோதெரபி என்று தினமும் அரை நாள் போய்விடுகிறது, அதனால்தான் தாமதம். பேரன் பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூக்கு உன்னை மாதிரி இல்லை என்று எழுதியிருக்கிறாயே, நல்லவேளை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நடத்துகிற தர்ம கம்பெனியின் மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதே இல்லை, இடத்தை விற்று, ஆரம்பத்தில் பணம் போட்ட ஏழு பேரும் பிரித்துக்கொள்ளலாம் என்று உங்கள் கமிட்டியில் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தாய். "எங்க கைக்காசுதானேடா" என்று நீயும் கேட்கிறாய். முப்பது வருஷம் ஆடிட்டராகக் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்: நன்கொடை ரசீது போட்ட அன்றே அது உங்கள் காசு இல்லை.

உங்களுடையது 1956 கம்பெனிச் சட்டத்தின் 25ஆம் பிரிவில், லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதிவானது. 2013 சட்டத்தில் அதுவே 8ஆம் பிரிவு. லாபம் வந்தால் தப்பில்லை, ஆனால் உறுப்பினர்களுக்கு டிவிடெண்ட் கிடையாது. மூடும்போதும் அதே கதைதான். கடன்களை அடைத்தபின் மிஞ்சுகிற சொத்தை, இதே மாதிரி நோக்கமுள்ள இன்னொரு 8ஆம் பிரிவுக் கம்பெனிக்குக் கொடுக்கலாம், கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் விதிக்கிற நிபந்தனைகளோடு. இல்லையென்றால் விற்று, திவால் சட்டத்தின் கீழ் உள்ள நிதியில் கட்டவேண்டும். ஆளுக்கொரு பங்கு என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஆனால் அவசரப்பட்டு மனம் விட்டுவிடாதே. உங்கள் மெமோரண்டத்தை, அதாவது கம்பெனியின் நோக்கங்களை எழுதிப் பதிவு செய்த சாசனத்தை, புரட்டிப் பார். இந்த வகைக் கம்பெனிகளில் வழக்கமாக ஒரு ஷரத்து இருக்கும்: உறுப்பினருக்குப் பணமாகவோ பொருளாகவோ எந்தப் பலனும் தரக்கூடாது, கைச்செலவு, கடனாகக் கொடுத்த பணத்துக்கு நியாயமான வட்டி, கம்பெனிக்கு விட்ட இடத்துக்கு நியாயமான வாடகை, இவை மட்டும் விலக்கு. ஆக, அந்த முதல் வருஷ லெட்ஜரில் உங்கள் பணத்தை எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்பதுதான் கேள்வி. கடன் என்றால் கேட்டு வாங்கலாம். நன்கொடை என்றால், மறந்துவிடு. உன்னைத் தெரியும் எனக்கு, அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி நன்கொடை என்றுதான் எழுதச் சொல்லியிருப்பாய்!

பொருளாளர் மகனுக்குக் கீழ்த்தளத்தை வாடகையில்லாமல் மொபைல் கடைக்கு விடும் யோசனையை இப்போதே கிள்ளி எறியுங்கள். நிர்வாகிகளின் உறவினருக்கு இலவசமாக இடம் கொடுத்தால் அந்தப் பலனின் அளவுக்கு வரிவிலக்கு போகும். நான் கணக்குப் பார்த்த ஒரு டிரஸ்டில் தலைவரின் மருமகன் டிரஸ்ட் காரில் சபரிமலை போய்வந்தார். அந்தப் பெட்ரோல் பில்லுக்கு விளக்கம் எழுதியே எனக்குப் பாதி முடி நரைத்தது.

அப்புறம், நீங்கள் அறநிறுவனங்களுக்கு வருமான வரிவிலக்கு தரும் 12ஏ பதிவு வாங்கியவர்கள் இல்லையா? கம்பெனியைக் கலைத்துவிட்டு, சொத்தைப் பதிவுபெற்ற இன்னொரு அறநிறுவனத்துக்குப் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்றாவிட்டால், சொத்தின் சந்தை மதிப்பில் கடனைக் கழித்து மிச்சத்துக்கு உச்ச விகிதத்தில் வரி. 2016இல் கொண்டுவந்த விதி. வருமான வரிச் சட்டத்தைப் புதிதாக எழுதியதில் பிரிவு எண்கள்தான் மாறின, இந்த வரி அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, இடத்தைக் கொடுத்த தலைமையாசிரியர் பத்திரத்தில் ஏதாவது நிபந்தனை எழுதினாரா? அமெரிக்காவில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1949இல் 101 கலைப்படைப்புகளைக் கொடுத்தார், விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. பிற்பாடு பல்கலைக்கழகத்துக்குப் பணமுடை வந்து சிலவற்றை விற்கப் பார்த்தபோது விவகாரம் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2012இல் ஆர்கன்சாவில் உள்ள ஒரு அருங்காட்சியகத்துக்கு 3 கோடி டாலருக்குப் பாதி உரிமை கொடுத்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதாக முடிந்தது. கல்லூரியை நடத்தத்தான் பணம் கேட்டார்கள், அதற்கே இந்தப் பாடு. உங்கள் ஏழு பேருக்கு எந்த ஜட்ஜ் இரங்குவார்?

தைக்கு அப்புறம் வருகிறேன் என்றாயே, பத்திர நகலையும் அந்தப் பழைய லெட்ஜரையும் கையோடு எடுத்து வா. உட்கார்ந்து பார்ப்போம். தங்கச்சியிடம் சொல், அந்த நார்த்தங்காய் ஊறுகாய் இங்கே தீர்ந்துவிட்டது.

உன்,
பழைய பெஞ்ச் கூட்டாளி