காலாண்டு விடுமுறைக்கு முன்: வீட்டு முதலுதவிப் பெட்டி பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடியப்போகிறது. விடுமுறைப் பாடம் பற்றி வகுப்பாசிரியர்கள் சொல்லிக்கொள்வார்கள். நான் எழுதுவது வேறொரு காரியத்துக்காக.

இரண்டு வாரம் முன்பு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பள்ளிக்கு வந்தாள். அப்பா விடியற்காலை மூன்று மணிக்கே காசிமேட்டுக்குப் போய்விட்டார். அம்மா வீட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். சோறு வடித்தது இவள். வடிக்கும்போது கஞ்சி தம்பியின் கையில் கொட்டிவிட்டது. பயத்தில் பற்பசையை எடுத்து அப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அந்தக் காய்ந்த பேஸ்ட்டைக் கழுவி எடுக்கும்போதுதான் தம்பி துடித்துப் போனானாம். "வீட்டுல வேற எதுவும் இல்ல மிஸ்" என்றாள். அவள் நகக்கண்ணில் இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி இப்போது நன்றாக இருக்கிறான்.

அன்று சாயங்காலம் நம் பள்ளியின் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தேதி முடிந்த களிம்பு, காய்ந்துபோன மருந்து பாட்டில், துணியை வெட்டாத கத்தரிக்கோல். அது என் பொறுப்பு. மறுநாளே எல்லாவற்றையும் மாற்றினோம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் கேட்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் வீடுகளில் பெரியவர்கள் துறைமுகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் கம்பெனிக்கும் போன பிறகுதான் பல விபத்துகள் நடக்கின்றன. அந்த நேரத்தில் பெட்டியைத் திறக்கப்போவது அக்காவோ அண்ணனோதான், இல்லாவிட்டால் கண் சரியாகத் தெரியாத ஆயா. அதனால் ஒன்றல்ல, இரண்டு பெட்டி வையுங்கள் என்கிறேன். காயத்துக்கு வேண்டியவை ஒரு பெட்டியில், பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில். மாத்திரை, சிரப் எல்லாம் இன்னொன்றில், குழந்தை ஏறி எடுக்க முடியாத உயரத்தில், முடிந்தால் பூட்டி.

காயப் பெட்டிக்குப் பெரிய செலவு ஆகாது. தனித்தனி உறையில் வரும் காஸ் துணி பத்து, ரோலர் பேண்டேஜ் அகலமாக ஒன்றும் சின்னதாக ஒன்றும், சுளுக்குக்குக் கட்டும் கிரேப் பேண்டேஜ் ஒன்று, ஒட்டும் பிளாஸ்திரி, பேண்ட் எய்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள் எடுக்கும் இடுக்கி, பொவிடோன் அயோடின் களிம்பு, கையுறை இரண்டு ஜோடி. அடிபட்ட கையைத் தோளிலிருந்து தொங்கவிட்டுக் கட்ட அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் ஒரு துண்டும் நாலு ஊக்கும் போதும். பஞ்சை நேரடியாகக் காயத்தில் வைக்க வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். காஸ் துணியை வைத்து, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலான ரத்தம் நின்றுவிடும். கண்ணாடியோ ஆணியோ உள்ளே நின்றால் பிடுங்கக் கூடாது. சுற்றிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெட்டியில் பிரிக்காத ஒரு சோப்பும் வையுங்கள். நாய் கடித்தாலும் நகத்தால் கீறினாலும் முதல் மருந்து அதுதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டு, சொன்ன தேதிகளில் எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும். காயம் சின்னதுதானே என்று ஒரு தவணையைக்கூட விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

தீக்காயத்துக்குக் களிம்பு தேடவே வேண்டாம். தண்ணீர்தான். 20 நிமிடம், ஐஸ் இல்லாமல். குழாயில் தண்ணீர் வராத நேரமென்றால் டிரம்மிலிருந்து மக்கில் மொண்டு மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். கை வீங்குவதற்குள் வளையலையும் கயிற்றையும் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி டாக்டரிடம் காட்டுங்கள். தீபாவளி நெருங்குகிறது, பட்டாசு வெடிக்கும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வது நம் வழக்கம். அது தவறு, ரத்தம் தொண்டைக்குள் போகும். தலையைச் சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயிலும் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.

மருந்துப் பெட்டியில் எனக்கு அதிகக் கவலை தருவது பாராசிட்டமால் சிரப். 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் பாட்டிலும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுக்கும்போது அளவு இரட்டிப்பாகிவிடும். பாட்டிலைப் படித்து, பிள்ளையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவை, கூட வரும் மூடியில் அளந்து கொடுங்கள். ஸ்பூன் கணக்கு வேண்டாம். ஆஸ்பிரின் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கூடாது. போன காய்ச்சலில் மிச்சமான ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்து வைக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். உறையில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கினால் நன்மைக்குப் பதில் தீமைதான்.

வெளியூர் போகிறவர்கள் ஒரு சின்னப் பையில் பேண்ட் எய்டு, காஸ் துணி, ஓ.ஆர்.எஸ்., பிள்ளை தினமும் சாப்பிடும் மருந்து, வீசிங் இருந்தால் இன்ஹேலர் வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்த குடும்பங்களுக்கு, கால் கொப்புளத்தில் ஒட்ட ஒரு பிளாஸ்திரி எவ்வளவு உதவும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையில் கெளுத்தி முள் குத்தினால், காலைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி இறங்கும். சூட்டைப் பெரியவர் தொட்டுப் பார்த்த பிறகு வையுங்கள். முள்ளோ தூண்டிலோ ஆழமாகக் குத்தியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

மழைக்காலமும் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பெட்டி தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கட்டும், தரையில் வைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காயம் கட்டுவதையும் மூக்கைப் பிடிப்பதையும் பள்ளி மைதானத்தில் செய்து காட்டப் போகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஆயாவையாவது அனுப்பி வையுங்கள். வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். தேதி முடிந்ததை உட்கார்ந்து பார்த்துப் பிரித்துத் தருகிறோம். பெட்டி வாங்க முடியாத வீடு என்றால் தயங்காமல் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை